டவுன் பஸ்ஸில் வரும் சூப்பர் ஹீரோ

"...கையோட சேத்து எடுத்துருங்கக்கா. ஆளே வேணாங்குறப்ப கை மட்டும் எதுக்கு? பையன் மட்டும் தனியா நிக்கட்டும்" என்றார் அந்தத் தம்பி.

என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ பெரிதாக விரிந்து கிடந்தது. நாலு வயதுப் பையன் ஒருவன் பட்டு வேட்டி கட்டி நிற்கிறான். அவனுக்குப் பின்னால், பாதி உடம்பு மட்டும் தெரிய, ஒரு பெண். அவர் கை பையனின் தோளில் இருக்கிறது. அந்தப் பெண் இந்தத் தம்பியின் கூடப்பிறந்த அக்கா, பையனுக்கு அத்தை. பையனுக்குக் காது குத்து வைத்திருக்கிறார்கள். பத்துக்கு எட்டு அடி அளவில் பிளக்ஸ் பேனர் வேண்டும். அதில் அத்தை இருக்கக் கூடாது. இதுதான் ஆர்டர்.

நான் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"முடியாது தம்பி."

"ஏன்க்கா, சிஸ்டம் ஹேங் ஆயிருச்சா?"

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் ஹேங் ஆயிட்டேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். நான் அப்படி உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் ஒரு கார்ட்டூன் ஆள். அதுவும் பிள்ளைகள் எல்லோரும் வெறுக்கிற ஆள், நானும் ரொம்ப நாள் வெறுத்த ஆள். நாற்பத்தாறு வயதுப் பெண் ஒரு பொம்மையை நம்பி, வந்த வாடிக்கையை விடுவாளா என்று கேட்பீர்கள். விடுவாள். கேட்டுவிட்டுச் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

திருநகரில் எனக்கு ஒரு சின்ன டிசைன் கடை. அச்சடிக்கிற மிஷின் வேறு இடத்தில் இருக்கிறது. போட்டோவை வெட்டி, ஒட்டி, பெயர் போட்டுக் கொடுப்பது மட்டும் என் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்று, பல வருடம் கழித்து ஒரு பிளக்ஸ் கடையில் பில் போட வந்தவள் நான். டிசைனர் அண்ணன் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகிறது என்று அமுக்கி அமுக்கியே கற்றுக்கொண்டேன். ஒருமுறை ஒரு கல்யாண மாப்பிள்ளையின் மீசையைத் தவறுதலாகப் பொண்ணுக்கு ஒட்டிவிட்டேன். அண்ணன் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, அளவு சரியா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் இந்தத் தொழிலில் நின்றேன்.

எங்கள் ஊரில் பிறந்தால் பேனர், காது குத்தினால் பேனர், சடங்கானால் பேனர், வேலை கிடைத்தால் பேனர், செத்தாலும் பேனர். பேனர் வைக்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் கடையைத் திறக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பொய் இல்லை. காதில் விழுவதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. "எங்க குடும்பத்துல சிரிச்ச மூஞ்சியே கெடையாது தாயி, நீயாப் பாத்துச் சிரிக்க வச்சிரு" என்றார் ஒரு பெரியவர். "மாப்ளைக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடப் போடு, அவரு கருப்புன்னு அவருக்கே இன்னும் தெரியாது" என்றார் ஒரு மாமியார். இந்த மாதிரிப் பேச்சுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும்?

வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் சேர்ப்பது பாதி என்றால் எடுப்பது பாதி. பேனரில் வரிசையாகத் தலைகள் வரும் இல்லையா, அதில் எந்தத் தலை இருக்க வேண்டும், எந்தத் தலை போக வேண்டும் என்பதில்தான் குடும்பங்களே உடையும். ஒரு சௌராஷ்டிரா வீட்டுக்காரர்கள், புருஷன் பெஞ்சாதி இரண்டு பேர், என் முன்னாலேயே அவர்கள் பாஷையில் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. கடைசியில் அந்தம்மா என் பக்கம் திரும்பி, தமிழில், ரொம்பத் தன்மையாக, "மூணாவது வரிசையில ரெண்டாவது ஆளை மட்டும் எடுத்துருங்கம்மா" என்றார். எடுத்துவிட்டேன். யார், எதற்கு என்று கேட்பது என் வேலை இல்லை என்று அப்போதெல்லாம் நினைத்திருந்தேன்.

இப்போது அந்தக் கார்ட்டூனுக்கு வருகிறேன். பெயர் இங்கே எதற்கு? ஐந்து சூப்பர் ஹீரோக்கள் உள்ள கூட்டம் அது. கேப்டன் உடம்புக்குள் இடி மின்னல் இருக்கிறது. ஒரு பெண் பறப்பாள். ஒருத்தன் பாறை. ஒருத்தி தண்ணீராக மாறி ஓடுவாள். ஐந்தாவது ஆள் ஒருத்தன் இருக்கிறான். ஒல்லி, சாம்பல் நிற உடுப்பு, தூக்கம் கெட்ட கண், உம்மென்ற மூஞ்சி. சண்டைக்கு எல்லோரும் வந்து முடித்த பிறகுதான் வருவான். வந்ததும் அவன் சொல்கிற முதல் வார்த்தை "வேண்டாம்". கேப்டன் கை ஓங்கினால் வேண்டாம், கட்டடத்தின் மேல் ஏறினால் வேண்டாம். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயரே "வேணாம்". கடைக்கு வருகிற அம்மாக்கள், "அஞ்சு பேரும் நிக்கிற படம் போடுங்கக்கா, ஆனா அந்த வேணாம் வேணாம்" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் எனக்கே வாயில் வந்துவிட்டது.

அவனை எடுப்பதுதான் பெரிய இம்சை. பேனருக்குக் கிடைக்கிற நல்ல குரூப் படம் ஒன்றுதான். அதில் இந்தச் சாம்பல் ஆள் கேப்டனுக்குப் பின்னால் நின்று, அவர் தோளில் கையைப் போட்டிருப்பான். ஆளை எடுத்தாலும் கை தனியாக நிற்கும். அந்தக் கையை விரல் விரலாக அழித்து, அடியில் கேப்டனின் தோள்துணியை வரைந்து மூட வேண்டும். ஒரு பிறந்தநாள் பேனருக்கு முக்கால் மணி நேரம் இதிலேயே போகும். "தோள்ல கை போட இவனுக்கு வேற ஆள் கெடைக்கலையா, சனியன்" என்று திட்டிக்கொண்டேதான் அழிப்பேன். பார்க்கப் பார்க்க அந்த மூஞ்சியும் எனக்கு ஆகாமல் போனது. கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து, "உப்புக் கூடிப்போச்சு" என்று சொல்கிற ஆள் மாதிரியே இருந்தான்.

ஒரு நாள் மூன்று பேனர் சேர்ந்து வந்ததில், வாடிப்பட்டிக்குப் போன பேனரில் ஆளை எடுத்துவிட்டுக் கையை மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போன். ஒரு பெண் குரல். "ஏந்தாயி, எங்க புள்ளைக்குப் பக்கத்துல நிக்கிறாரே அந்தக் கேப்டன், அவரு தோள்ல இருக்குறது யாரு கை?"

"எந்தக் கைங்கம்மா?"

"அதத்தான் மண்டபமே கேக்குது. கை இருக்கு, ஆளக் காணோம். அதும் சாம்பக் கலருல. உசுருள்ள கை மாதிரியே இல்ல."

பின்னால் ஒரு ஆண் குரல், "எலுமிச்சம்பழம் நாலு வாங்கியாடா" என்று கத்தியது. நான் பஸ் பிடித்து வாடிப்பட்டிக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால், பேனரின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. பூசாரி ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, கேப்டனின் தோளில் இருக்கிற அந்தக் கைக்குத் திருநீறு பூசிக்கொண்டிருக்கிறார். பிளக்ஸில் திருநீறு ஒட்டவில்லை, உதிர்ந்து உதிர்ந்து விழுகிறது. கீழே நிற்கிற ஒருத்தர், "சாமி, விரலுக்கு விரல் வைங்க, கட்ட வெரல விட்டுட்டீங்க" என்கிறார். நான் போய், "ஐயா, அது பேயும் இல்ல, பிசாசும் இல்ல, நான் பண்ணுன தப்பு" என்று சொல்லி, வாங்கிக்கொண்டு போன பலூன் படத்தை அந்தக் கைமேல் ஒட்டினேன். பூசாரி இறங்கவில்லை. பலூனுக்கும் கொஞ்சம் திருநீறு பூசிவிட்டுத்தான் இறங்கினார். "எதுக்கும் இருக்கட்டும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொன்னேன். அவள் பசுமலையில் ஏழாவது படிக்கிறாள். தரையில் உருண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"நல்லவேளம்மா, கையையாச்சும் விட்டு வச்ச. அந்தக் கை இல்லேன்னா கேப்டன் கத முடிஞ்சுரும்."

"என்னடி சொல்ற?"

"நீ பாத்ததே இல்லையா? பாக்காமலேயா இம்புட்டு நாளா அவன அழிச்ச?"

எத்தனையோ பேனரில் ஒருத்தனை விரல் விரலாக அழித்திருக்கிறேன். அவன் யாரென்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மற்றவர்கள் பிடிக்காது என்றார்கள், எனக்கும் பிடிக்காமல் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அவளோடு உட்கார்ந்தேன். எந்தக் கதையைப் பார்க்க வேண்டும் என்று அவளே தேடி எடுத்துப் போட்டாள். அதில் கேப்டன் இந்தச் சாம்பல் ஆளைக் கூட்டத்தை விட்டு நீக்குகிறார். எப்போது பார்த்தாலும் தடுக்கிறாய், உன்னால் எங்களுக்குப் பெயரே இல்லை என்கிறார். மற்ற மூன்று பேரும் கைதட்டுகிறார்கள். அவன் போய்விடுகிறான். அப்புறம் ஒரு பாலத்தில் பெரிய சண்டை. கேப்டனுக்குக் கோபம் ஏற ஏற உடம்பில் மின்னல் ஏறுகிறது. எதிரி விழுந்துவிட்டான், ஆனால் மின்னல் நிற்கவில்லை. அவருக்கே நிறுத்தத் தெரியவில்லை. பாலத்தில் ஜனங்கள், பள்ளிக்கூட வண்டி. பறக்கிறவள் கிட்டப் போனால் சுடுகிறது. பாறை உருகுகிறான்.

அந்த நேரம் சாம்பல் ஆள் ஒரு அறையில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறான். செய்தி கேட்கிறான். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறான். எங்கே ஓடுகிறான் என்றா கேட்கிறீர்கள்? பஸ் ஸ்டாப்புக்கு.

நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அவனுக்குப் பறக்கத் தெரியாது. கார் இல்லை. அவன் பஸ்ஸில்தான் வருவான். அதனால்தான் ஒவ்வொரு சண்டைக்கும் கடைசியில் வந்திருக்கிறான்! முதல் பஸ் நிற்காமல் போகிறது. அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். டிராஃபிக்கில் பஸ் நின்றுவிட, இறங்கி ஓடுகிறான். மூச்சு வாங்க வாங்கப் பாலத்தில் ஏறி, எல்லோரும் தெறித்து ஓடுகிற திசைக்கு எதிராக நடந்து போய், கேப்டனின் தோளில் கையை வைக்கிறான். அம்புட்டு மின்னலும் அந்தக் கை வழியாக அவனுக்குள் இறங்குகிறது. விரலிலிருந்து முழங்கை வரை சாம்பலாகிறது. உடுப்பின் நிறம் என்று நான் நினைத்தது, இப்படி ஒவ்வொரு தடவையும் கருகிக் கருகி வந்த அவன் தோலின் நிறம். கேப்டன் நல்லபடியாக எழுந்து, கேமராவைப் பார்த்துக் கை ஆட்டுகிறார். ஜனம் ஆர்ப்பரிக்கிறது. இவன் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறான்.

அன்று எங்கள் வீட்டுக் குழம்பில் பாதி வெங்காயம் தோலோடு கிடந்தது.

நான் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருநகருக்குக் கம்ப்யூட்டர் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தவள். என் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்த அன்றைக்கும் பஸ்ஸில்தான் போனேன். போய்ச் சேர்ந்தபோது, "இப்பத்தான் வாரீங்களா?" என்று டீச்சர் கேட்டார். வீட்டில் எது செய்தாலும் வேண்டாம் என்று தடுக்கிற ஆளும் நானே. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்காராதே. இப்படிச் சொல்கிறவளை எந்த வீட்டில் கொண்டாடுவார்கள்? பறக்கிறவளுக்குக் கைதட்ட எனக்கும் தெரியும். ஆனால் இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவனை அதற்கு மேல் என்னால் வெறுக்க முடியவில்லை. நான்கு பேருடைய பெருமையும் அவன் ஒருத்தனின் கையில் நிற்கிறது. அந்தக் கையைத்தான் நான் சனியன் என்று திட்டியிருக்கிறேன்.

மகளின் சிநேகிதிகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தபோது நான் சும்மா இருக்கவில்லை.

"ஆன்ட்டி, அவன் ஒரு சண்டையாச்சும் போட்டுருக்கானா?" என்றாள் ஒருத்தி.

"சண்டைய நிப்பாட்டியிருக்கான்ல?"

"அது போர் ஆன்ட்டி."

"உங்கம்மா கேஸ் அடுப்ப ஆஃப் பண்றதும் போர்தான். ஒரு நாளைக்குப் பண்ணாம விட்டுப் பாக்கச் சொல்லு."

என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, ப்ளீஸ்மா, உள்ள போம்மா" என்றாள். நான் போகவில்லை. வீட்டுக்காரர், "எவனோ ஒரு பொம்மைக்கு நீ வக்கீலா?" என்றார். ஆமாம், பீஸ் வாங்காத வக்கீல் என்றேன்.

மறுநாள் ஒரு சின்ன போர்டு அடித்து, கடையில் கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டினேன். "ஐவரும் சேர்ந்தே வருவார்கள். நால்வர் போதும் என்பவர்கள் அடுத்த கடையை அணுகவும்." வந்தவர்களுக்குப் புரியவில்லை. புரியவைத்தேன். ஒரு அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பிளக்ஸ் கடையில எல்லாம் கொள்கையாம்மா?" என்றார். "ஏன்ணே, பிளக்ஸுல மட்டும் கொள்கை போடலாம், கடையில இருக்கக் கூடாதா?" என்றேன். அவர் ஐந்து பேரையும் வாங்கிக்கொண்டுதான் போனார். போனவர்களும் உண்டு. ஒரு அம்மா, "உன் கடை வெளங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விளங்கத்தான் செய்கிறது. அந்தச் சொல்லையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பொம்மைக்குப் போர்டு மாட்டிய நான், நிஜ ஆட்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். சித்தப்பாவை எடுங்கள் என்றால் எடுத்தேன். ஓரகத்தியை எடுங்கள் என்றால் எடுத்தேன். குடும்பத்து விஷயம், நமக்கு எதற்கு என்று இருந்தேன். போன வைகாசியில் இந்தத் தம்பி பைக்கில் வந்து இறங்குகிற வரைக்கும்.

வந்தவுடன் போர்டைப் படித்தார். "கார்ட்டூன்ல எவன் இருந்தா என்னக்கா, அஞ்சு பேரும் இருக்கட்டும்" என்று தாராளமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்தப் போட்டோவைக் காட்டி, அக்காவைக் கையோடு எடுக்கச் சொன்னது. நான் முடியாது என்றது.

"வேற போட்டோ இல்லையா தம்பி? பையன் தனியா நிக்கிற மாதிரி?"

"தனியா நின்னா அழுவான்க்கா. எல்லாப் போட்டோலயும் பின்னாடி அவதான் நிக்கிறா."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் நெளிந்தார். நான் விடவில்லை. என்ன சண்டை என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் வீட்டு விஷயத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

காது குத்துக்கு வெடி ஏற்பாடு செய்திருக்கிறார். ஆயிரம் வாலா, வானவெடி, மண்டப வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும். கூட்டாளிகள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பையனுக்கு வீசிங் உண்டு. புகை பட்டால் மூச்சு இழுக்கும். வெடி வேண்டாம் என்று அக்கா ஒருமுறை சொன்னார், இரண்டு முறை சொன்னார். இவர் கேட்கவில்லை. மூன்றாவது முறை அக்கா இவரிடம் சொல்லவில்லை. நேராக வெடிக்கடைக்குப் போய், இவர் பெயரைச் சொல்லி ஆர்டரை ரத்து செய்துவிட்டு வந்துவிட்டார்.

"கூட்டாளிக முன்னாடி என் மானமே போச்சுக்கா. 'என்ன மாப்ள, உங்கக்கா பர்மிசன் குடுத்தாத்தான் கொளுத்துவியா'ங்கிறான். எல்லாத்துக்கும் வேணாம் வேணாம். சின்னதுல இருந்தே இப்படித்தான். கெணத்துல குதிக்காத, பைக்க வேகமா ஓட்டாத. நல்ல காரியத்துல அவ மூஞ்சி எதுக்கு?"

"பையன யாரு வளத்தது?"

"அவதான். என் பெஞ்சாதி ஆஸ்பத்திரியில நர்ஸு, ஷிப்ட்டு. இவ வீட்டுக்கு வந்து பாத்துக்கிருவா."

"எதுல வருவாங்க?"

"என்னக்கா கேள்வி இது? பஸ்ஸுலதான்."

நான் என் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அதை அவர் சொல்வார் என்று எதிர்பார்த்துக் கேட்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது. ஆனால் கேட்ட பிறகு பின்வாங்குகிற பேச்சே இல்லை என்று ஆகிவிட்டது.

"தம்பி, நான் எடுக்க மாட்டேன். வெடிக்காகச் சண்டையா, போய்ப் போடுங்க. அவங்களக் காது குத்துக்குக் கூப்புடாதீங்க, அது உங்க இஷ்டம். ஆனா அந்தப் பையன் தோள்ல இருந்து அந்தப் பொம்பளைய என் கையால எடுக்க மாட்டேன். வேற கடையில எடுத்துக் குடுப்பாங்க. உங்க பென் டிரைவ் இந்தா இருக்கு."

"ஏன்க்கா, என் பையன், என் பேனரு. உங்களுக்கு எதுக்கு இம்புட்டு வீம்பு?"

"பேனரு உங்களுது. வீம்பு என்னுது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தள்ளுங்க, நானே எடுக்குறேன்" என்றார். போனில் போட்டோ வெட்டிப் பழக்கமாம். நான் எழுந்து நாற்காலியை விட்டேன். திரையில் அழிக்கிற கருவியையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஹெல்மெட்டை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மௌஸைப் பிடித்தார். முதல் இழுப்பிலேயே அக்காவின் விரலோடு பையனின் இடது காது மொத்தமும் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காதுகுத்துப் பேனர்ல காதே இல்லாமப் போட்டா ஆசாரி எங்க தம்பி குத்துவாரு?"

அவர் சிரிக்கவில்லை. காதில்லாத மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்து ஒரு பட்டனை அமுக்கிக் காதைத் திரும்பக் கொண்டுவந்தேன். அக்காவின் விரலும் வந்துவிட்டது.

"அவ செஞ்சது தப்பு இல்லையாக்கா? என்கிட்டச் சொல்லாமப் போயி..." என்றார். குரல் இறங்கியிருந்தது.

"தப்போ சரியோ எனக்குத் தெரியாது. சொல்லாமப் போனது தப்பாவும் இருக்கலாம். போயிக் கேளுங்க, சண்ட போடுங்க. ஆனா வெடி இல்லாட்டி உங்க பையன் அன்னைக்கு நல்லா மூச்சு விடுவான். அது மட்டும் தெரியும்."

பிறகு அவர் போனை எடுத்தார். அக்காவுக்குத்தான். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை மணி அடித்து ஓயப் போகும்போது எடுத்தார்கள். பேசிப் பதினைந்து நாள் ஆகியிருந்ததாம். போனுக்கு வெளியே எனக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல், பதறிப்போய், "என்னடா, புள்ளைக்கு முடியலையா? எந்த ஆஸ்பத்திரி? நான் இந்தா கெளம்பிட்டேன்" என்றது.

"ஒன்னுமில்லக்கா. நல்லாத்தான் இருக்கான். சும்மாதான் பண்ணேன்" என்றார் தம்பி. எழுந்து கடைக்கு வெளியே போனார்.

ரோட்டோரத்தில், நல்ல வெயிலில், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவில் ஏதோ கத்தினார். வெடி என்கிற சொல் இரண்டு தடவை என் காதில் விழுந்தது. பிறகு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்திலிருந்துதான் பேச்சு வந்திருக்க வேண்டும், இவர் கால் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னொரு ஆளின் விசிட்டிங் கார்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலை செய்கிற மாதிரி பாவனை செய்தேன். ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தப்பாக அடித்துவிடுவேனோ என்கிற மாதிரி, பேனரில் போட அக்காவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.